தீபாவளிக்கு லட்டோட நோட்டீஸ் தந்திட்டார்: கவுன்சிலுக்கு எப்ப போறது?

கீரிமலையான் | 14 நவம்பர் 2023, விடிய 3.10

நைட் ஷிப்டில நிண்டு எழுதுறன், பிழை கிடந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ. பம்பில சனமில்லை. ஒரு நரி மட்டும் காத்தடிக்கிற மெசினுக்குப் பக்கத்தில படுத்துக் கிடக்கு.

வடமேற்கு லண்டனில ஆறு வருசமா ஒரே வீட்டில வாடகைக்கு இருக்கிறம். நான், மனிசி, மகள் (14), மகன் (9), மாமி (71). மாசம் 1,650 பவுண். அதே றோட்டில இப்ப 2,300க்குக் குறைய ஒண்டும் இல்லை. வீட்டுக்காரர் எங்கட ஊர் ஆள்தான். 2017இல நாங்கள் வீடு தேடித் திரியேக்க ரெபரன்ஸ், பாங்க் ஸ்டேட்மென்ட் ஒண்டும் கேக்காமல் திறப்பைக் கையில தந்த மனிசன். அந்த நன்றி எனக்கு இருக்கு.

ஞாயிற்றுக்கிழமை தீபாவளிக்கு ஒரு பெட்டி லட்டோட வந்தவர். இருந்து தேத்தண்ணி குடிச்சு, மாமியோட ஊர்க்கதை கதைச்சு, மகன்ர படிப்பு விசாரிச்சு, வெளிக்கிடேக்க "ஆறுதலா வாசிச்சுப் பாரும் தம்பி" எண்டு சொல்லி லட்டுப்பெட்டிக்குக் கீழ ஒரு என்வலப்பை வைச்சிட்டுப் போட்டார். உள்ள செக்‌ஷன் 21 நோட்டீஸ். காரணம் காட்டாமலே வாடகைக்கு இருக்கிறவையை எழுப்புற நோட்டீஸ் அது, ஃபோம் 6ஏ எண்ட படிவத்தில. ஜனவரி 14க்கு வீட்டை விட வேணுமாம். அடுத்த நாள் தைப்பொங்கல்.

அவரிலயும் பிழை சொல்லேலாது. பாங்க் வட்டி 5.25இல நிக்குது, அவற்ற மோட்கேஜ் புதுப்பிக்கிற நேரமும் வந்திட்டுது. வீட்டை விக்கப் போறாராம்.

நேற்று உதவி கேட்டு எங்கட உள்ளூராட்சிக் கவுன்சிலுக்கு அடிச்சன். 52 நிமிசம் பாட்டுக் கேட்டபிறகு ஒரு பிள்ளை எடுத்து "பெய்லிஃப் (வீட்டை எழுப்பக் கோர்ட் அனுப்புற ஆள்) வருமட்டும் அங்கயே இருங்கோ, பிறகு வாங்கோ" எண்டுது. வேலையில நிக்கிற பெடியன் சொல்லுறான், "அண்ணை, முதலே வெளிக்கிட்டுப் பிள்ளையளையும் பையையும் கொண்டுபோய்க் கவுன்சில் வாசல்ல நில்லுங்கோ, உடன வீடு தருவாங்கள்" எண்டு. மச்சான் சொல்லுறான் ரெண்டுபேரும் உழைக்கிறபடியா எங்களுக்கு ஒண்டும் வராது எண்டு. எது சரி?

இன்னொண்டு. 1,500 பவுண் டிப்பொசிற் கையில குடுத்தனான். துண்டு ஒண்டும் இல்லை. அதைப் பற்றிக் கேக்க ஒரு மாதிரிக் கிடக்கு. சனிக்கிழமையில ஈலிங் அம்மன் கோயில்ல கண்டா முகம் பாக்க வேணுமே.

கவுன்சில் இணையப் படிவத்தை மகள்தான் திறந்து வாசிச்சவள். மேல கொட்டை எழுத்தில "ஹோம்லெஸ்" எண்டு கிடந்தது. "அப்பா, நாங்கள் ஹோம்லெஸ்ஸா?" எண்டு கேட்டாள். நான் 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில சாவகச்சேரியில ஒரு பள்ளிக்கூட வாங்கில படுத்தவன், அப்ப எனக்கு 15 வயசு. அவளுக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியாமல் லப்டொப்பை மூடிப்போட்டு வேலைக்கு வந்திட்டன்.

கராஜுக்க பெரிய பிறீசர் ஒண்டும் கிடக்கு. விக்கிறதெண்டா இப்பவே விக்கவோ?

---

ஊர்க்குருவி | 14 நவம்பர் 2023, காலை 8.45

கவுன்சில் வீடு எண்டு இருந்தா பேரப்பிள்ளை காலத்திலதான் வரும். லண்டனை விட்டிட்டு லெஸ்டர் பக்கம் போங்கோ, 1,650க்கு மாளிகை எடுக்கலாம். பிறீசர் எத்தினை லீட்டர்?

---

பூவரசு | 14 நவம்பர் 2023, பிற்பகல் 1.20

தம்பி, முதல்ல ஒண்டு. வெளிக்கிடாதையுங்கோ. உந்தப் பெடியன் சொல்லுறதைக் கேட்டுப் பையோட போய் வாசல்ல நிண்டா, "இருக்கக்கூடிய வீட்டை நீயா விட்டிட்டு வந்தாய்" எண்டு எழுதிப் போடுவினம். அதுக்குப் பேர் இன்ரென்சனலி ஹோம்லெஸ். அந்த முத்திரை விழுந்தா, கவுன்சில் வீடு பாத்துத் தரவேண்டிய முழுக்கடமையும் போச்சு. வாடகையையும் நிப்பாட்டாதையுங்கோ, அதுவும் அதே குழிதான்.

எனக்கு எப்பிடித் தெரியும் எண்டா, 2019இல நான் அந்தக் குழிக்குள்ள விழுந்தவள். கிழக்கு லண்டன், எந்தக் கவுன்சில் எண்டு வேண்டாம். வீட்டுக்காரி ஒவ்வொரு நாளும் வந்து கதவைத் தட்டினா. அக்கம்பக்கம் பாக்குதே எண்ட வெக்கத்தில, நோட்டீஸ் முடிய மூண்டு கிழமை கிடக்கேக்க ரெண்டு பிள்ளையளோட சவுத்தோலில அண்ணற்ற மகள் வீட்டை போட்டன். ஒம்பது நாள். பத்தாம் நாள் அவளின்ர மாமியார் ஊரிலயிருந்து வந்திறங்கினா. கவுன்சிலுக்குப் போனன், ஒரு ஹொட்டேல் அறை தந்திட்டு, பேந்து ரெண்டு மாசத்தால கடிதம் அனுப்பினவை: நீயாத்தான் வெளிக்கிட்டாய் எண்டு.

அந்தக் கடிதத்தில கடைசிப் பக்கத்தில சின்ன எழுத்தில ஒண்டு இருக்கும். 21 நாளுக்குள்ள ரிவியூ, அதாவது முடிவைத் திருப்பிப் பாக்கச் சொல்லிக் கேக்கலாம். நான் அழுதுகொண்டு கடிதத்தை ட்றோவருக்குள்ள போட்டிட்டன். பள்ளிக்கூட வாசல்ல ஒரு சோமாலித் தாய்தான் "கடிதத்தைக் கொண்டு லோ சென்ரருக்குப் போ" எண்டவ. 18ஆம் நாள் போனன். அந்த லோயர்ப் பிள்ளை எழுதின பிறகு முடிவு மாறினது. மூண்டு நாள் பிந்தியிருந்தா இண்டைக்கு நான் எங்க எண்டு தெரியாது.

இனி உங்கட கேள்வி. நேற்று போனில அந்தப் பிள்ளை ஏன் அப்பிடிச் சொன்னது எண்டா, சட்டத்தில 56 நாள் எண்டு ஒரு கணக்கு இருக்கு. 2017 ஹோம்லெஸ்னஸ் றிடக்சன் சட்டம், 2018 ஏப்ரலில இருந்து நடைமுறை. சரியான செக்‌ஷன் 21 நோட்டீஸ் 56 நாளுக்குள்ள முடியப்போகுது எண்டா, நீங்கள் "வீடு இழக்கிற ஆபத்தில" இருக்கிறியள் எண்டு கவுன்சில் எடுத்தே ஆகவேணும், வீடு போகாமல் பாக்க உதவி செய்யவும் வேணும். நேற்று ஜனவரி 14க்கு 62 நாள் கிடந்தது. நவம்பர் 19 தாண்டினாப் பிறகு அதே போனைத் திருப்பி அடியுங்கோ. ஆனா போனில வேண்டாம், எழுத்தில. படிவத்தை நிரப்பி, நோட்டீஸ் படத்தையும் வைச்சு, அனுப்பினதுக்கு ஒரு ஸ்கிறீன்ஷொட் எடுத்து வையுங்கோ. "ஏலாது" எண்டா "அதை எழுத்தில தாங்கோ" எண்டு கேளுங்கோ. அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு அவையின்ர குரல் மாறும்.

"பெய்லிஃப் வருமட்டும் இரு" எண்டது எல்லாக் கவுன்சிலும் பாடுற பாட்டு. அரசாங்கத்தின்ர வழிகாட்டிப் புத்தகத்தில அப்பிடிச் செய்யக்கூடாது எண்டுதான் கிடக்கு. வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போனா 355 பவுண் பீஸ், அது கடைசியில உங்கட தலையிலதான் விழும். நோட்டீஸ் முடிஞ்ச அண்டைக்குக் கவுன்சிலுக்கு எழுதுங்கோ: இதுக்குப் பிறகு நான் ஏன் இருக்க வேணும், காரணம் தாங்கோ எண்டு.

சம்பளம் ஒரு தடையில்லை. ஹோம்லெஸ் உதவிக்கு வருமான அளவு எண்டு ஒண்டு இல்லை. உங்களிட்டைப் பிள்ளையள் இருக்கு, அதால பிறையோரிற்றி நீட், அதாவது முதலிடம் குடுக்க வேண்டிய தேவை, தன்னால வரும். அந்த இடத்து ஆள் எண்டு எடுக்க, அதே கவுன்சிலில கடைசி 12 மாசத்தில 6 மாசம் இருந்தாப் போதும், நீங்கள் ஆறு வருசம்.

ஹொட்டேல் அறையைப் பற்றியும் சொல்லோணும். நாலு கட்டில், ஒரு யன்னல், யன்னலுக்கு வெளிய அடுத்த கட்டடத்தின்ர சுவர். பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரு மைக்றோவேவ். குத்தரிசி அதில அவியாது தம்பி, நான் எல்லா வித்தையும் செய்து பாத்தனான். கேத்தில் தண்ணியில புட்டுமாக் குழைச்சுக் கிண்ணத்தில வைச்சு மூடி, அதுக்குப் புட்டு எண்டு பேர் சொல்லிக் குடுத்தன். சின்னவன் இப்பவும் அதைச் சொல்லிச் சிரிப்பான். பிள்ளையளோட உள்ள குடும்பத்தை அப்பிடி இடத்தில ஆறு கிழமைக்கு மேல வைக்கக்கூடாது. எங்களை ஏழு கிழமையும் மூண்டு நாளும் வைச்சவை. 43ஆம் நாள் அண்டைக்கே லோயரைக் கொண்டு கடிதம் போடுவிச்சிருக்கலாம் எண்டு பிறகுதான் தெரியும்.

என்ர பிறீசரில கிடந்த விளைமீன், இறால் எல்லாத்தையும் வீட்டை விட்ட அண்டைக்குப் பின்னேரம் தெரு முழுக்கக் குடுத்தனான். போலந்துக்காரிக்குப் பாரைமீன் தலை. என்ன செய்தாவோ தெரியாது.

---

வல்லைவெளி | 14 நவம்பர் 2023, இரவு 9.05

பூவரசு அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் ஒரு ஆலோசனை நிலையத்தில கிழமையில ரெண்டு நாள் தொண்டு வேலை செய்யிறன், லோயர் இல்லை. டிப்பொசிற் கதையை மட்டும் எடுக்கிறன், ஏனெண்டா அண்ணை அதைக் கடைசியில சும்மா போட்டிருக்கிறார், உண்மையில கதையின்ர சாவியே அதுதான்.

இங்கிலாந்தில வாடகை டிப்பொசிற்றை வாங்கி 30 நாளுக்குள்ள அரசாங்கம் அங்கீகரிச்ச ஒரு பாதுகாப்புத் திட்டத்தில பதிய வேணும். பதியாதவர், காசைத் திருப்பிக் குடுக்கிறவரைக்கும், செக்‌ஷன் 21 குடுக்கேலாது. குடுத்தாலும் செல்லாது. கையில குடுத்த காசு எண்டாலும் அது டிப்பொசிற்தான். மூண்டு திட்டக்காரரின்ர இணையத்தளத்திலயும் போஸ்ட்கோட் போட்டுத் தேடலாம், அஞ்சு நிமிச வேலை. அதோட காஸ் பாதுகாப்புச் சான்றிதழ், இ.பி.சி. (வீட்டின்ர சக்திப் பாவனைச் சான்றிதழ்), "வாடகைக்கு இருப்பது எப்படி" எண்ட அரசாங்கக் கைநூல், இதெல்லாம் தந்தவரோ எண்டும் பாருங்கோ.

பதிவு இல்லை எண்டால் உங்கட கையில ரெண்டு விசயம் கிடக்கு. நோட்டீஸ் பிழை எண்டது ஒண்டு. பதியாததுக்கு டிப்பொசிற்றைப் போல ஒரு மடங்கில இருந்து மூண்டு மடங்கு வரைக்கும் நட்டஈடு கோர்ட்டில கேக்கலாம் எண்டது மற்றது. கேக்கத்தான் வேணும் எண்டு நான் சொல்லேல்ல. கோயில் வாசல் உங்கட வாசல். ஆனா கையில என்ன கிடக்கு எண்டு தெரியாமல் போய்க் கதைக்காதையுங்கோ.

ஒரு வில்லங்கமும் இருக்கு. நோட்டீஸ் பிழை எண்டு கவுன்சில் கண்டுபிடிச்சா, "உங்களுக்கு இன்னும் ஆபத்து வரேல்ல, போய் இருங்கோ" எண்டு கோப்பை மூடப் பாக்கும். அதில உங்களுக்கு நட்டமில்லை, நேரம் கிடைக்குது. ஆனா அவர் பிழையைத் திருத்திப் புது நோட்டீஸ் தந்தவுடன 56 நாள் கணக்குத் திரும்பத் தொடங்கும், அதைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ.

ஓகஸ்ட் மாசத்தில இருந்து நோட்டீஸ் கையில கிடைச்ச எவருக்கும் இலவசச் சட்ட ஆலோசனை இருக்கு, சம்பளம் பாக்கிறேல்ல. ஹவுசிங் லொஸ் பிறிவென்சன் எண்டு கேளுங்கோ. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு கவுன்சிலிட்டையும் கேக்கலாம், காசில்லை. அண்ணை, மகளை இன்ரர்வியூவுக்கு மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதையுங்கோ. அவள் கேக்கத் தேவையில்லாத கேள்வியள் அங்க வரும்.

---

புதுசு | 16 நவம்பர் 2023, இரவு 11.30

மன்னிக்கவும், இழைக்குள்ள குறுக்க வாறன். எனக்கு 26 வயசு, தனி ஆள். போன கிழமை அகதி அந்தஸ்துக் கிடைச்சது. ஹோம் ஒபிஸ் தந்த இடம் ஸ்டொக்டனில, 28 நாளில விட வேணும். ஈஸ்ற்ஹாமில சித்தப்பா முறை ஒருத்தர் இருக்கிறார், கடையில வேலையும் பாத்துத் தாறன் எண்டவர். லண்டன் கவுன்சிலில எழுதலாமோ? அண்ணை அக்காக்கள் ஆராவது சொல்லுங்கோ.

---

வல்லைவெளி | 17 நவம்பர் 2023, காலை 7.15

தம்பி, நாளைக்கு எண்டு இருக்காதையும். இண்டைக்கே ஸ்டொக்டன் கவுன்சிலுக்கு எழுதும். 28 நாள் எண்டா 56க்குள்ள வந்திட்டீர்தானே. உமக்கு அகதி விண்ணப்பக் காலத்தில கடைசியாத் தந்த இடம் எதுவோ, அந்தக் கவுன்சிலோடதான் உமக்கு லோக்கல் கனெக்சன், அந்த இடத்து ஆள் எண்ட தொடர்பு. நீர் லண்டனில போய் எழுதினா அவை ஸ்டொக்டனுக்குத் திருப்பி அனுப்பலாம். சித்தப்பா கணக்கில வரமாட்டார். தாய், தகப்பன், கூடப்பிறந்தவை, அதுவும் அஞ்சு வருசம் அங்க இருந்தவை எண்டாத்தான் சாதாரணமா எடுப்பினம். உண்மையான நிரந்தர வேலை லண்டனில கிடைச்சா அது ஒரு வழி, ஆனா வேலை முதல், வீடு பிறகு.

தனி ஆணுக்கு அவை கட்டாயம் கூரை தரவேணும் எண்டில்லை, தேடித்தர உதவத்தான் வேணும். ஆனா உடம்பில, மனசில பட்டது ஏதும் இருந்தா, நித்திரை இல்லை, மருந்து எடுக்கிறீர் எண்டா, ஜி.பி.யிட்டை (உள்ளூர்க் குடும்ப டொக்டரிட்டை) கடிதம் எடுத்து வையும். அதைப் பாத்து முடிவு மாறும். எங்கட பெடியள் உதைச் சொல்ல வெக்கப்பட்டுத்தான் றோட்டில நிக்கிறவங்கள். யூனிவேர்சல் கிரெடிட் எண்ட அரசாங்க உதவிப்பணத்துக்கு இண்டைக்கே போடும், முதல் காசு வர அஞ்சு கிழமை செல்லும், முன்பணம் கேட்டா அது கடன். 35 வயசுக்குக் கீழ எண்டபடியா ஒரு அறை வாடகைக்குத்தான் கணக்குப் போடுவினம்.

தனியா ஒரு இழை திறவும், அங்க விபரமாக் கதைப்பம்.

---

கீரிமலையான் | 20 டிசம்பர் 2023, விடிய 2.40

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லுறன்.

மூண்டு தளத்திலயும் தேடினன், பதிவு இல்லை. ரெண்டு கிழமை அதை நெஞ்சுக்குள்ள வைச்சுக்கொண்டு திரிஞ்சன். 3ஆம் திகதி அவற்ற வீட்டை போனன். மனிசி வாழைப்பழமும் கொஞ்சம் முறுக்கும் கட்டித் தந்தவ, வெறுங்கையோட போகாதையுங்கோ எண்டு. சண்டைக்குப் போறவனுக்கு முறுக்கு!

"அண்ணை, கோவிக்காதையுங்கோ. இந்த நோட்டீஸ் கோர்ட்டுக்குப் போனா நிக்காதாம். எனக்கு மூண்டு மடங்கு எல்லாம் வேண்டாம். டிப்பொசிற்றைத் தாங்கோ, புதுசா எழுதித் தாங்கோ, நானும் கவுன்சிலில ஒழுங்காப் பதியிறன்" எண்டன். நாலு நிமிசம் இருக்கும், ஆள் ஒண்டும் கதைக்கேல்ல. ரீவியில சீரியல் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிப்பாட்டவும் இல்லை. பேந்து "உனக்கு ஆர் உதெல்லாம் சொல்லித் தாறது?" எண்டார். அண்டைக்கு வரைக்கும் "நீர்" எண்டு கதைச்ச மனிசன்.

ஆனா வியாழக்கிழமை 1,500உம் பாங்கில விழுந்திட்டுது. 10ஆம் திகதி புது நோட்டீஸ், இந்தமுறை தபால்ல. பெப்ரவரி 12. 56 நாள் எண்ணினா டிசம்பர் 18. அண்டைக்கு விடிய ஷிப்ட் முடிஞ்சு வந்து, உடுப்பும் மாத்தாமல் படிவத்தை அனுப்பினன். இந்தமுறை நானே நிரப்பினன். ஸ்கிறீன்ஷொட் இருக்கு அக்கா.

கோயில்ல போன சனி கண்டன். அர்ச்சனை வரிசையில எனக்கு மூண்டு ஆள் முன்னுக்கு. திரும்பிப் பாக்கேல்ல.

---

பூவரசு | 20 டிசம்பர் 2023, காலை 10.00

திரும்பிப் பாப்பார், பொறுங்கோ. அவருக்கும் சுடும்தானே.

தற்காலிக வீடு தந்தா ஒண்டை மறக்காதையுங்கோ: அந்த வாடகை யூனிவேர்சல் கிரெடிட்டில வராது. கவுன்சிலின்ர ஹவுசிங் பெனிபிட் எண்ட வாடகை உதவிக்குத் தனியா எழுதவேணும், போய் இறங்கின அண்டைக்கே. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. மூண்டு மாசம் கழிச்சு 2,900 பவுண் நிலுவை எண்டு கடிதம் வந்தது. பின்தேதி போட்டு ஒரு மாசத்துக்குத்தான் தருவினம். மிச்சத்தை மாசம் 40, 40 எண்டு இப்பவும் கட்டுறன்.

---

கீரிமலையான் | 9 யூன் 2024, பகல் 12.15

பிந்தி எழுதுறன், இண்டர்நெற் இல்லாமல் இருந்தம்.

வழக்கறிஞர், கவுன்சில், ஏஜென்ற் எல்லாரோடயும் கதைச்ச கதை எழுதினா புத்தகமாப் போகும், சுருக்கிறன். ஜனவரியில ஒரு பெர்சனல் ஹவுசிங் பிளான் எண்டு ஆறு பக்கம் தந்தவை. அதில கவுன்சில் செய்ய வேண்டியது நாலு வரி, நான் செய்ய வேண்டியது மிச்சம் எல்லாம். 17 வீடு பாத்தன். ஏஜென்ற் எல்லாம் மாச வாடகையை முப்பதால பெருக்கி அவ்வளவு வருசச் சம்பளம் காட்டச் சொல்லுறாங்கள். 2,300க்கு 69,000. நானும் மனிசியும் சேர்ந்து 41,000. ஒரு இடத்தில கேட்டன், "69,000 உழைச்சா நான் ஏன் உன்னட்டை வாறன்?" எண்டு. சிரிச்சவன், வீடு தரேல்ல.

பெப்ரவரி 12 தாண்டினது. பெய்லிஃப் பாட்டுத் திரும்பத் தொடங்கினது. வல்லைவெளித் தம்பி சொன்ன இலவச ஆலோசனையில ஒரு லோயர்ப் பிள்ளை கிடைச்சுது, வழிகாட்டிப் பந்தியளைக் காட்டி ஒரு பக்கம் எழுதினது. நாலாம் நாள் பாட்டு நிண்டுது. வீட்டுக்காரரும், கவுன்சில் திகதி சொன்னபடியா, கோர்ட்டுக்குப் போகாமல் மார்ச் 1 வரைக்கும் பொறுத்தார். அதை மறக்கமாட்டன்.

மார்ச் 1 காலமை 11 மணிக்குப் போன்: லூட்டனில ரெண்டறை பிளாட், பின்னேரம் 4 மணிக்குள்ள திறப்பு எடுக்கவேணும். மகள் இயர் 10, மாமிக்கு இஞ்ச ஆஸ்பத்திரிக் கிளினிக், எனக்கு இரவு வேலை. வேண்டாம் எண்டு சொல்ல வாய் வந்திட்டுது. லோயர்ப்பிள்ளை போனில கத்தினது: "மறுக்காதையுங்கோ, எடுத்துக்கொண்டு சண்டை பிடிப்பம்." இந்த முதல் கட்டத்தில தாற இடத்துக்கு ரிவியூ கேக்கிற உரிமை இல்லையாம், மெயின் டியூட்டி (பூவரசு அக்கா சொன்ன முழுக்கடமை) எண்டு எழுதித் தந்தாப் பிறகுதான் கேக்கலாமாம். ஆரும் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு நடுத்தெருவில நிக்காதையுங்கோ.

மகள் விடிய 6.20 றெயினில பள்ளிக்கூடம் போய் வந்தவள், 11 கிழமை. றெயினுக்குள்ள படிச்சுக் கணக்கில மார்க்ஸ் கூட வந்தது எண்டு சொல்லுறாள், என்னைத் தேற்றத்தான் சொல்லுறாளோ தெரியாது.

பெப்ரவரி 12இல இருந்து எண்ணின 56 நாள் ஏப்ரல் 8உடன முடிஞ்சு மெயின் டியூட்டிக் கடிதம் வந்தது. அடுத்த நாளே ரிவியூ கேட்டம். லோயர் 2015 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒண்டைப் போட்டவ: வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் அஞ்சு பிள்ளையோட ஒரு தாயை மில்டன் கீன்ஸுக்குப் பக்கத்தில பிளெச்லிக்கு அனுப்பப் பாத்த வழக்கு. கிட்ட ஏன் இடமில்லை எண்டு கவுன்சில் காரணம் காட்டவேணும், சும்மா "லண்டனில வீடில்லை" எண்டு சொல்லேலாது எண்டு அதில கிடக்காம். எங்கட கடிதத்தில அந்தச் சும்மாதான் கிடந்தது. ரிவியூ முடிவு வர முன்னமே, மே 20, பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில 35 நிமிச தூரத்தில ஒரு இடம் தந்தவை. இதுவும் தற்காலிகம்தான். மூண்டாம் மாடி, லிப்ட் ஒருநாள் ஓடும் ஒருநாள் ஓடாது. மாமி படியில ரெண்டுதரம் இருந்து ஏறுறா.

ஹவுசிங் பெனிபிட் படிவம் லூட்டனிலயும் இஞ்சயும் இறங்கின அண்டைக்கே போட்டது. பூவரசு அக்கா, உங்கட 2,900 எனக்கு வராமல் காப்பாத்தினது.

பழைய வீடு விலைப்பட்டிட்டுது. திறப்புக் குடுக்கப் போகேக்க அவர் வாசல்ல நிண்டவர். "மாமிக்குச் சுகமோ?" எண்டு கேட்டார். ஓம் எண்டன்.

---

வல்லைவெளி | 7 டிசம்பர் 2025, மாலை 6.50

பழைய இழையைத் தேடி இப்பவும் ஆக்கள் வருகினம், அதால ஒரு திருத்தம். வாற 2026 மே 1உடன இங்கிலாந்தில செக்‌ஷன் 21 இல்லாமல் போகுது. அண்டைக்குப் பிறகு வீட்டை விக்கப்போறன் எண்டா வீட்டுக்காரர் அந்தக் காரணத்தைக் காட்டி நாலு மாச நோட்டீஸ் தரவேணும், வாடகைக்கு வந்து முதல் 12 மாசத்துக்கு அந்தக் காரணத்தில எழுப்பவும் ஏலாது. மே 1க்கு முன்னம் தந்த செக்‌ஷன் 21 உடன செத்துப்போகாது, யூலை 31க்குள்ள அவர் கோர்ட்டில போட்டா ஓடும். அதால இப்ப அவசர அவசரமா நோட்டீஸ் தாறவை கூட. மேல எழுதின டிப்பொசிற் கதை அந்த நோட்டீஸுகளுக்கு அப்பிடியே பொருந்தும். கோர்ட் பீஸ் மட்டும் கூடிப்போச்சு.

---

ஊர்க்குருவி | 7 டிசம்பர் 2025, இரவு 8.30

கீரிமலையான், பிறீசர் கிடக்கோ? விலை சொல்லுங்கோ.

---

கீரிமலையான் | 8 டிசம்பர் 2025, விடிய 3.25

கிடக்கு. மச்சான்ர கராஜில. விக்கிறேல்ல, மாமி ஒடியல்மா போட்டு வைச்சிருக்கிறா.